பிசிக்ஸ் சாரும் வருகிறாராம்; நான் போகத்தான் வேண்டுமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 42. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில், அரசு உதவி பெறும் பள்ளியில், 2000ஆம் ஆண்டு பிளஸ் டூ எழுதியவர். இயற்பியலில் 200க்கு 58. மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். மாலைப் பத்திரிகையில் தன் நம்பரைத் தேடித் தேடிப் பார்த்து, அப்பாவிடம் சொல்ல முடியாமல் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த அட்டெம்ப்டில் பாஸ் செய்துவிட்டார். ஆனால் அதற்குள் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். இன்று ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். கணவரைப் பிரிந்து ஏழு வருஷம். விவாகரத்தும் இல்லை, கோர்ட்டில் கேஸும் இல்லை. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

25ஆம் வருஷச் சந்திப்பு என்று மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 54 பேர். தலைக்கு 2,000 ரூபாய். பெண்கள் எல்லோருக்கும் அரக்கு நிறச் சேலை. ஆசிரியர்களுக்குப் பொன்னாடை. அந்தப் பொன்னாடைப் பட்டியலில் பிசிக்ஸ் சார் பெயரும் இருக்கிறது. காலாண்டு விடைத்தாளைக் கொடுக்கும்போது மார்க்கை உரக்க வாசித்து, வகுப்பு முடியும்வரை முட்டி போட வைத்து, "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்றவர் அவர். குரூப் அட்மின், அந்தக் காலத்தில் இவருடைய நிறத்தை வைத்து ஒரு பட்டப்பெயர் வைத்து, அதைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பிய பெண். இப்போது அதே பெண் "வா செல்லம், நீ இல்லாம எப்படி" என்று இதயம் இதயமாக அனுப்புகிறார்.

"போகலேன்னா பொறாமைன்னு பேசுவாங்க. போனா வீட்டுக்காரரைப் பத்திக் கேப்பாங்க. துபாய்ல இருக்கார்னு சொல்லிரலாமான்னு இருக்கு. தம்பி, நகையைப் போட்டுக்கிட்டு கெத்தா போயிட்டு வாக்கா, நீ எப்படி இருக்கேன்னு காட்டுங்கிறான். மக, எல்லாரையும் பிளாக் பண்ணுங்கிறா. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் இதை நெனச்சுக்கிட்டிருக்கேனே, நான் அல்பமா? மைக்கைப் பிடிச்சு அந்த சார்கிட்ட நேருக்கு நேர் கேட்டுரலாமா? என்ன செய்யட்டும்?"

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கத்தை இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள்: சாரும் அட்மினும். மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். மூன்றாம் பக்கத்தின் அடியில் அவளுக்கு ஒரே வரி: "என் பெஞ்சுல உக்காந்தவ, ரெக்கார்டு நோட்டெல்லாம் எழுதிக் குடுப்பா, திண்டுக்கல்ல இருக்கா, நீ வந்தா நானும் வர்றேன்னு தனியா மெசேஜ் போட்டா, அவளுக்கு இன்னும் பதில் போடல." அடுத்த வரியிலேயே மறுபடி சாருக்குப் போய்விட்டீர்கள். சார் மெசேஜ் போடவில்லை. அட்மின் 54 பேருக்கும் போடும் இதயத்தைத்தான் உங்களுக்கும் போட்டிருக்கிறார். இந்த மூன்று பேரில் உங்களுக்கென்று தனியாக எழுதிய ஒரே ஆள் இந்தத் தோழி. அவளுக்குத்தான் பதில் போகவில்லை.

ஆகவே, போகலாமா வேண்டாமா என்பதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். யாருக்காகப் போகிறீர்கள் என்பதை முதலில் பார்ப்போம். நான் பார்த்தவரை, இந்த மாதிரிச் சந்திப்புக்குத் தீர்ப்பு வாங்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். ஒரு மனுஷியையோ மனுஷனையோ பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். நீங்கள் கேட்டிருக்கும் பெரும்பாலானவை தீர்ப்பு சம்பந்தப்பட்டவை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். செய்தது தப்பு என்று சார் ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் பிரியாணிப் பந்திக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவில் அதற்கெல்லாம் யாருக்கும் நேரம் இருக்காது.

அல்பம் இல்லை

25 வருஷம் கழித்தும் மறக்க முடியவில்லை என்பதை உங்கள் குணக்குறைவு என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 7,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றி லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். ஏழு வயதிலும் பதினோரு வயதிலும் அடிக்கடி கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளானவர்களுக்கு ஐம்பது வயதில்கூட மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. கேலி செய்தவர்களுக்கு அது ஒரு மத்தியான நேரத்துச் சிரிப்பு, அன்றோடு போயிற்று. பட்டவருக்குத்தான் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அதிலும் உங்களுக்கு நடந்தது நிறத்தை வைத்து நடந்தது. நம் ஊரில் அதைக் கேலி என்றுகூட யாரும் நினைப்பதில்லை, பாசமாகக் கூப்பிட்டோம் என்பார்கள். நீங்கள் அதைப் பாசமாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சாரின் விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அடித்தார்கள் என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அடித்தார்கள், உண்மை. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகும்படி நடத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. அது 14 வயது வரைக்குமான சட்டம், அதுவும் நீங்கள் படித்து முடித்துப் பல வருஷம் கழித்து வந்தது. ஆனால் அப்படி ஒரு பிரிவை எழுத வேண்டியிருந்ததே, நடந்து வந்தது தப்பு என்று தெரிந்ததால்தானே? எல்லோரும் செய்தார்கள் என்பதால் உங்கள் முட்டிக்கு வலிக்காமல் போய்விடவில்லை.

எல்லோருக்கும் ஞாபகம் இருக்குமா?

இருக்காது. இதில் நீங்கள் கணக்குத் தப்பிவிட்டீர்கள். உள்ளே நுழைந்ததும் 53 பேரும், "பிசிக்ஸில் பெயிலானவள் வருகிறாள்" என்று பார்ப்பார்கள் என்பது உங்கள் பயம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளக் கூச்சப்படும்படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டி, ஒரு மாணவரை மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்புவார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால் ஏறக்குறையப் பாதிப் பேர் என்பார். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். இத்தனைக்கும் அது கண்முன்னால் இருந்த பனியன். உங்களுடையது கால் நூற்றாண்டுக்கு முந்தைய மார்க். மற்றவர்களுக்கு அவரவர் மார்க்கும், அவரவர் தொப்பையும், அவரவர் நரையும்தான் அன்றைக்குப் பெரிய கவலை.

ஆனால் பட்டப்பெயர் வேறு கதை. மார்க் மறந்துபோகும், பட்டப்பெயர் மறக்காது. பெயரை மறந்தவர்கள்கூடப் பட்டப்பெயரைச் சொல்லிக் கட்டிப்பிடிப்பார்கள். சில சந்திப்புகளில் பட்டப்பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டே நடத்துகிறார்கள், மேடையில், மைக்கில். இதற்கு மட்டும் முன்கூட்டியே தயாராக இருங்கள். போவது என்று முடிவானால், நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் யாராவது ஒருவரிடம் (அட்மினாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை) ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எனக்குப் பிடிக்காது. மேடைல அது வரவே கூடாது." காரணம் விளக்க வேண்டாம். அப்படியும் அங்கே யாராவது சொன்னால், சிரிக்காமல், கோபப்படாமல், உங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். "என் பேரு இதுதான், இப்படிக் கூப்பிடு." அதோடு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். சங்கடத்துக்குச் சிரித்து வைப்பது நம் பெண்களுக்குப் பழக்கம். அந்தச் சிரிப்பைத்தான் மற்றவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

"அங்கே வருகிறவர்கள் எல்லாரும் நல்லா இருக்கிறவங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். குரூப்பில் 54 பேர் இருந்தாலும் பேசுவது பத்துப் பேர்தான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டு கிரகப்பிரவேசத்தையும் பையனின் நீட் மார்க்கையும் போடுகிறவர்கள் அந்தப் பத்துப் பேர். மற்ற 44 பேர் ஏன் பேசுவதில்லை? சிலருக்கு நேரம் இல்லை. சிலருக்கு உங்களைப் போலவே சொல்லிக்கொள்ள விருப்பமில்லாத ஏதோ ஒன்று இருக்கும்: கடன், குடி, பிள்ளைகளின் நோய், போன வேலை. 25ஆம் வருஷச் சந்திப்புகளில் பெரும்பாலும் முதல் நிகழ்ச்சியே மறைந்த நண்பர்களுக்கு மௌன அஞ்சலிதான். கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பட்டியல் கொஞ்சம் நீளம். கெத்தாகத் தெரிகிற கூட்டத்தில் பாதிப் பேர் எதையாவது ஒளித்து வைத்துக்கொண்டுதான் வந்திருப்பார்கள்.

தம்பியின் யோசனையை நான் ஏற்க மாட்டேன். இரவல் நகையோ சொந்த நகையோ, போட்டுக்கொண்டு போய்க் காட்டுவதாக இருந்தால் அன்று முழுக்க நீங்களும் மற்றவர்களின் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உங்களை விட இரண்டு பவுன் கூடப் போட்டவள் ஒருத்தி நிச்சயம் வருவாள். மூவாயிரம் பீஸ் ஷிப்மெண்ட்டை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முடித்துக் கொடுத்துவிட்டு, காலையில் மகளுக்கு டிபன் கட்டியதாகக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அது நகைக்கடையில் கிடைக்காது. அதைப் போய் அங்கே நிரூபிக்கவும் வேண்டாம்.

சாரிடம் கேட்கலாமா?

கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. மைக்கில் கேட்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்பதால் இல்லை, அந்த இடத்தில் அது எடுபடாது என்பதால். பொன்னாடை போர்த்திய எழுபது வயதுப் பெரியவர், எதிரே நீங்கள். கூட்டத்தின் பரிதாபம் ஒரே நொடியில் அவர் பக்கம் சாய்ந்துவிடும். "வயசானவரை அசிங்கப்படுத்திட்டா" என்பதுதான் அடுத்த ஆறு மாதத்துக்குக் குரூப்பில் ஓடும். உங்களுக்கு நடந்தது அதற்குள் காணாமல் போய்விடும்.

தனியாகக் கேட்கலாம். நிகழ்ச்சி தொடங்கும் முன்போ சாப்பிட்ட பிறகோ பக்கத்தில் போய், "சார், நீங்க அன்னிக்கு என்னை முட்டி போட வச்சு மாடு மேய்க்கத்தான் லாயக்குன்னு சொன்னீங்க. அது என்னை ரொம்ப நாள் வாட்டிச்சு" என்று இரண்டே வாக்கியம். அவர் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். மன்னிப்புக் கேட்கலாம். ஞாபகமே இல்லை என்று முழிக்கலாம். "நான் அப்படித் திட்டுனதாலதாம்மா நீ இன்னிக்கு முன்னுக்கு வந்திருக்க" என்று உங்கள் உழைப்பையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் அதிகம். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்க முடியும் என்றால் கேளுங்கள். முடியாது என்றால் இந்த முறை வேண்டாம்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிஷம், மனதை உறுத்தும் சம்பவத்தைப் பற்றி எழுத வைத்தார். எழுதியவுடன் அவர்களுக்கு வேதனை கூடத்தான் செய்தது. ஆனால் சம்பவத்தையும் அது தந்த உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் டாக்டரைத் தேடிப் போவது குறைந்தது. சாருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அனுப்பத் தேவையில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்ல நினைத்ததெல்லாம், கெட்ட வார்த்தை உட்பட, அதில் வரட்டும். நாலு நாள் கழித்தும் நேரில் கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால் அப்போது போகலாம். முதல் நாள் அழுகை வரும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் காலில் விழும் வரிசை ஒன்று இருக்கும். பொன்னாடை போர்த்தியதும் எல்லோரும் ஒவ்வொருவராக ஆசீர்வாதம் வாங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். நீங்கள் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கை கழுவப் போய்விடலாம். எதிரே பார்த்தால் ஒரு கும்பிடு போதும்.

அட்மின் விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. அவர் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம், செய்தது அவருக்கு ஞாபகமே இல்லாமலும் இருக்கலாம். கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. மன்னித்தால்தான் நிம்மதி என்று யாராவது வாய்ஸ் மெசேஜ் ஃபார்வர்டு செய்தால் கேட்க வேண்டாம். மன்னிக்காமலே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வரலாம். கல்யாண வீடுகளில் நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம்.

வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால்

துபாய்க் கதை வேண்டாம். பொய் பாவம் என்பதற்காக நான் சொல்லவில்லை. 54 பேரில் நாலு பேராவது துபாயில் இருப்பார்கள்; "எந்த ஏரியா? கம்பெனி பேரென்ன? நம்பர் குடு, பார்த்துக்கிறேன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டியிருக்கும், மகளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "நான் திருப்பூர்ல இருக்கேன், பனியன் கம்பெனில சூப்பர்வைசர், பொண்ணு காலேஜ் படிக்கிறா" என்றால் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். திரும்பவும் கேட்டால், "நாங்க சேர்ந்து இல்லப்பா. சரி, உனக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று பேச்சைத் திருப்புங்கள். தன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் பேசாதவர் உண்டா? மூன்றாவது முறையும் கேட்கிறவர் அக்கறையில் கேட்கவில்லை. அவருக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை.

கணவர் வீட்டார் போட்டோவைப் பார்த்தால் பிரச்சினை வருமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிந்து வாழ்வது குற்றம் இல்லை. கூடப் படித்தவர்களோடு, ஆண்களும் பெண்களுமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வதும் குற்றம் இல்லை. பிற்காலத்தில் ஜீவனாம்சமோ விவாகரத்தோ கேட்டுக் கோர்ட்டுக்குப் போனால் எதிர்த்தரப்பு எதை வேண்டுமானாலும் நீட்டிப் பார்க்கும். ஒரு குரூப் போட்டோ நடத்தைக்கு ஆதாரம் ஆகிவிடாது. அப்படி ஏதாவது யோசனை இருந்தால் வக்கீலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வசதி இல்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வெறும் மன நிம்மதிக்காக என்றால், பேஸ்புக்கில் மற்றவர்கள் உங்களை டேக் செய்வதை நீங்கள் அனுமதித்த பிறகே உங்கள் பக்கத்தில் காட்டும்படி செட்டிங் மாற்றலாம். மகள் இரண்டு நிமிஷத்தில் செய்து கொடுப்பாள்.

தனியாக வரும் மெசேஜ்கள்

குரூப்பில் சேர்ந்த பத்தே நாளில் இரண்டு ஆண்கள் தனியாக "சாப்டியா", "தூங்கலையா" என்று கேட்க ஆரம்பித்ததையும், ஒருவர் "அப்பவே உன்னைப் பிடிக்கும், சொல்லத்தான் தைரியம் இல்ல" என்றதையும் கூச்சப்பட்டுக்கொண்டே எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. நீங்கள் தனியாக இருப்பது எப்படியோ அவர்கள் காதுக்கு எட்டியிருக்கிறது.

கூடப் படித்த ஆண்களோடு நட்பே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. 42 வயதில் யாரோடு பேசுவது என்பது உங்கள் இஷ்டம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ராத்திரி பதினொரு மணிக்கு உங்களிடம் கேட்பதை, பகலில் குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்பாரா? தன் மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்பாரா? கேட்க மாட்டார் என்றால் பதில் போடாதீர்கள். பிளாக் செய்தால் தப்பாக நினைப்பாரோ என்ற தயக்கம் வேண்டாம். பழைய காதல் தேடி வந்து நிற்பது சினிமாவில் அழகாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் வேறு.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. சந்திப்பு முடிந்த சில வாரங்களில் இன்சூரன்ஸ் பாலிசி, சங்கிலித் தொடர் வியாபாரம், "ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்று யாராவது வருவார்கள். எதற்கும் ஜாமீன் கையெழுத்து போடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 128ஆவது பிரிவு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு என்கிறது. பெஞ்ச்மேட் என்ற பாசம் பேங்குக்குத் தெரியாது.

என் யோசனை

முதலில் திண்டுக்கல் தோழிக்குப் பதில் போடுங்கள். மெசேஜ் வேண்டாம், போனே செய்யுங்கள். இத்தனை நாள் பதில் போடாமல் இருந்துவிட்டோமே, இப்போது கூப்பிட்டால் என்ன நினைப்பாள் என்று யோசிக்காதீர்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெகி லியூவும் மற்றவர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுப்போன நட்பை ஒருவர் தானாகத் தேடிக் கூப்பிடும்போது, எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்பதைக் கூப்பிடுகிறவர்கள் குறைத்தே மதிப்பிட்டார்கள். அதிலும் எதிர்பாராமல் வரும் அழைப்புக்குத்தான் சந்தோஷம் அதிகம். இங்கே அவளே முதலில் கூப்பிட்டும் விட்டாள்.

முடிந்தால் சந்திப்புக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்து அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து, போகலாமா என்று பேசி முடிவு செய்யுங்கள். "நீ வந்தா நானும் வர்றேன்" என்கிறாளே, அவளுக்கும் தனியாகப் போகப் பயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. "அவளும் பாவம்" என்று நீங்கள் ஏதோ எழுத வந்து அடித்துவிட்டதும் பேனாக் கோட்டுக்கு அடியில் தெரிகிறது. அவளுடைய கதை என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியாது, கேளுங்கள்.

இரண்டு பேரும் சேர்ந்து போவதாக முடிவானால், காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுங்கள். குரூப் போட்டோவுக்கு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. திரும்பிவர யார் காரையும் நம்பாதீர்கள். மகளை இந்த முறை கூட்டிப் போக வேண்டாம். அவள் முன்னால் யாராவது அந்தப் பட்டப்பெயரைச் சொன்னால் உங்களால் தாங்க முடியாது, அவள் சும்மாவும் இருக்க மாட்டாள்.

போவதில்லை என்று முடிவானால் அதுவும் சரியான முடிவுதான். "அன்னிக்கு வர முடியல, எல்லாரும் நல்லபடியா நடத்துங்க" என்று ஒரு வரி போதும். காரணம் எழுதினால் அதை வைத்துப் பேச்சு வளரும். பொறாமை என்று பேசுவார்களே என்றால், பேசுவார்கள். பந்தியில் இலை போடும்வரை பேசுவார்கள். குரூப்பை விட்டு வெளியேற வேண்டிய அவசியமும் இல்லை. இப்போதெல்லாம் வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்கிறார்கள். உங்கள் விஷயத்தில் அட்மின்தானே பிரச்சினை! சத்தத்தை அணைத்து ஆர்க்கைவில் போட்டுவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்.

குரூப்பில் சேர்ந்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை, லைனில் நிற்கும்போது படபடவென்று வருகிறது என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சந்திப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் இதைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலிமானஸ். மத்திய அரசு 2022இல் தொடங்கியது, இலவசம், இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் கூப்பிட்டாலும் எடுப்பார்கள்.

கடைசியில் அரக்கு நிறச் சேலை எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் அரக்கு இல்லை, எடுத்தால் 1,800 ஆகும் என்றும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். இருக்கிற சேலையில் உங்களுக்குப் பிடித்ததைக் கட்டிக்கொண்டு போங்கள். யாராவது ஏன் கலர் மாறி வந்தாய் என்று கேட்டால், திருப்பூரில் இந்த மாசம் அந்தக் கலர் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு பொய்க்கு மட்டும் உங்களுக்கு என் அனுமதி உண்டு.